மதர்போட் மாறினால் உரிமையும் மாறுமா?

நீரிறைக்கும் எஞ்சின் பழுதுபட்டுப் புதிய எஞ்சினைப் பூட்டிய கமக்காரனிடம், "உன் கிணறு இனி உனதன்று, அதனையும் மறுபடி விலைகொடுத்து வாங்கு" என்று எவரேனும் கூறினால் அவன் என் செய்வான்? வீட்டின் அத்திவாரத்தைத் திருத்தியவரிடம், "உமது காணி உறுதி காலாவதியாயிற்று" என்று ஒரு நொத்தாரிசு கூறினால் ஊர் அதனைப் பொறுக்குமா? பொறுக்காது. ஆயின் இதற்கு நிகரான கூற்று ஒன்று கணினி வாணிபத்தில் பல்லாண்டுகளாக வழங்கி வருகின்றது. படித்தவர்களும் அதற்குத் தலைவணங்கி நிற்கின்றார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து புதுக்கடை நீதிமன்றங்களுக்குச் செல்லும் சட்டத்தரணியும், வெள்ளவத்தையில் தொழில் நடத்தும் கணக்காளரும், வன்னியில் கமக்கார அமைப்பின் கணக்கை எழுதும் செயலாளரும் இன்று கணினியின்றித் தொழில் செய்ய இயலாது. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அன்று தொட்டுப் புதுக் கணினி வாங்குவது பலருக்கு எட்டாக் கனியாயிற்று. எனவே, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ வேறிடத்திலோ மதர்போட்டை மட்டும் மாற்றிக்கொண்டு பழைய கணினியிலேயே காலங்கழிக்கின்றார்கள். இது சிக்கனம், இதில் களவு யாதுமில்லை.

ஆயினும் மைக்ரோசொஃப்ட் கம்பனியின் விதி கூறுவது யாது? கணினியோடு சேர்த்து விற்கப்படும், ஓ.ஈ.எம். எனப்படும் விண்டோஸ் உரிமம் அந்தக் கணினியோடு பிறந்து அதனோடு மடிவது. கணினி என்பது எது? மதர்போட்டே கணினி! நினைவகத்தை மாற்றலாம், வன்தட்டை மாற்றலாம், மதர்போட்டை மாற்றினாலோ அது புதுக் கணினியாகிவிடும், பழைய உரிமம் செல்லாது. பழுதுபட்ட மதர்போட்டுக்கு ஈடாக அதே வகையினதோ, தயாரிப்பாளர் ஈடென ஏற்பதோ பொருத்தப்பட்டால் மட்டும் உரிமம் நிலைக்கும். இவ்விதிவிலக்கை எத்தனை கடைக்காரர் வாடிக்கையாளருக்கு எடுத்துரைக்கின்றனர்?

இனி இதிலுள்ள அநீதியைக் கேளுங்கள். 2021 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் புதிய தலைமுறைச் செயலியையும் கட்டாயமாக்கியது. 2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு முடிவுற்றது. நன்றாக இயங்கிய இலட்சோபலட்சம் கணினிகள் இதனால் ஒரே நாளிற் பழையனவாயின. செயலியை மாற்ற வேண்டுமாயின் பெரும்பாலும் மதர்போட்டையும் மாற்றியாக வேண்டும். மாற்றச் சொல்வதும் அக்கம்பனியே. மாற்றினால் உரிமம் போயிற்று என்பதும் அக்கம்பனியே! தகுதியுள்ள கணினிக்கு விண்டோஸ் 10 இலிருந்து 11 இற்கு இலவசமாக ஏறலாம் என்று ஒரு கையால் அழைத்து, தகுதியை உண்டாக்கியவனை மறு கையால் தள்ளுவது எந்த ஊர் நியாயம்?

"ஓ.ஈ.எம். பிரதி மலிவானது, மலிவுக்கு விலையே இக்கட்டுப்பாடு, முழு விலைக்குத் தனியாக வாங்கிய பிரதியை வேறு கணினிக்கு மாற்ற நாம் தடைசெய்யவில்லையே" என்பது அவர்தம் வாதம். வாதம் பொய்யன்று. ஆயின், வாங்குபவர் அறிந்து இணங்கினால் மட்டுமே அது ஒப்பந்தம். கணினியை வாங்கும் வேளையில் "இவ்வுரிமம் மதர்போட்டோடு மடியும்" என்று எந்தப் பற்றுச்சீட்டில் தமிழில் எழுதியிருந்தது? நீண்ட ஆங்கில வாசகத்தின் கீழ் "இணங்குகிறேன்" என்னும் பொத்தானை அழுத்தியதே இணக்கமெனக் கொள்வது ஒப்பந்தச் சட்டத்தின் எலும்பை வைத்துக்கொண்டு உயிரைப் போக்குவதாகும்.

"நாம் விற்கவில்லை, பாவிக்க அனுமதித்தோம்" என்னும் வாதத்தையும் உலகம் முழுவதும் ஏற்கவில்லை. காலவரையறையின்றிப் பாவிக்கும் உரிமையை விலைக்குக் கொடுத்தால் அது விற்பனையே என்றும், தன் பிரதியை அழித்துவிட்டு அதனைப் பிறருக்கு விற்கலாம் என்றும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 யூலை 3 இல் ஒறக்கிள் கம்பனியின் வழக்கிலே தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது; சிந்திக்கத் தடையுமில்லை. அந்நியனுக்கே விற்கலாமெனின், தன் மேசையிலுள்ள பெட்டியின் புதிய மதர்போட்டுக்கு மாற்றுவதா குற்றம்?

இது நகரத்தாரின் வழக்கு மட்டுமன்று. ஜோன் டியர் உழவு இயந்திரங்களின் மென்பொருட் பூட்டினால் தம் இயந்திரத்தைத் தாமே திருத்த இயலாது அமெரிக்க விவசாயிகள் வெகுண்டெழுந்தனர். 2023 இல் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களைத் திருத்தும் உரிமையைச் சட்டமாக்கியது. 2025 ஜனவரியில் அந்நாட்டு வாணிப ஆணைக்குழுவே அக்கம்பனி மீது வழக்குத் தொடுத்தது. கேட்டவர்களுக்கே கிடைத்தது என்பதை மறவாதீர்கள்.

நாம் களவுப் பிரதிக்கு வக்காலத்து வாங்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளைப் பாதுகாக்கின்றது, பாதுகாக்கவும் வேண்டும். ஒருமுறை விலைகொடுத்தவன் மறுமுறையும் கொடுக்க வேண்டுமா என்பதே எமது வினா.

எமது கோரிக்கை தெளிவானது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, பொருள்களின் விற்பனை பற்றியும் அவற்றிற் பொறிக்க வேண்டியவை பற்றியும் வணிகருக்குப் பணிப்புரை வழங்கும் அதிகாரத்தை அச்சபைக்கு அளிக்கின்றது. கணினியோடு விற்கப்படும் உரிமம் எவ்வகையது, மதர்போட் மாறினால் அதன் கதி யாது என்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பற்றுச்சீட்டிற் குறிக்குமாறு சபை பணிக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

அதுவரை வாசகர்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். பற்றுச்சீட்டைப் பேணுங்கள். பழைய மதர்போட்டைக் கழற்றுமுன் விண்டோஸ் உரிமத்தை உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு இணையுங்கள்; 2016 முதல் இவ்வசதி உண்டு; வன்பொருளை மாற்றியதாகத் தெரிவித்து உயிர்ப்பிக்க அது துணைசெய்யும். எனினும் இயந்திரம் ஏற்றுக்கொள்வது வேறு, ஒப்பந்தம் அனுமதிப்பது வேறு என்பதை மறவாதீர்கள். கணக்குப்பதிவு, வரைபடம் முதலியவற்றுக்கான ஏனைய மென்பொருள்களின் உரிமங்களைப் பழைய மதர்போட்டிலேயே முறைப்படி விடுவித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, பிட்லொக்கர் பூட்டின் 48 இலக்க மீட்பெண்ணை எழுதி வையுங்கள். அப்பூட்டின் சாவி பழைய மதர்போட்டிலேயே தங்கிவிடும். மீட்பெண் இல்லாதவருக்குக் கட்சிக்காரரின் கோவைகளும் சங்கத்தின் கணக்குகளும் திறவாப் பெட்டகமாகிவிடும்.

அடுத்த முறை கணினி வாங்கச் செல்லும்போது ஒவ்வொருவரும் கடைக்காரரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இந்த உரிமம் எனதா, இந்தப் பலகையினதா?" விடையை எழுத்திற் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.