உறையூரில் 'ஒரிஜினல்' தேடுகிறவர்கள்

திருச்சிக்கு வரும் நண்பர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "டூரிஸ்ட் எடம் வேணாம்டா, லோக்கலா ஏதாவது காட்டு." லோக்கல் என்றால் என்எஸ்பி ரோடு. தீபாவளிக்கு முன்னால் மலைக்கோட்டை அடிவாரத்தில் ஊரே துணியெடுக்க நிற்கும். அங்கே கூப்பிட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது உறையூரில் ஒரு பழைய வீடு, குழித்தறி, அதில் காலைத் தொங்கவிட்டு நெய்யும் ஒரு பெரியவர். வெளியாள் கண்படாத உறையூர்!

அப்படி ஒரு உறையூர் எப்போது இருந்தது? கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸ், 'அர்கரு' மஸ்லின் துணியைச் சொல்கிறது. அது உறையூர்தான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் இங்கே அகழ்ந்தபோது சாயத்தொட்டி கிடைத்தது. சுருட்டும் அப்படித்தான். 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே, சாம்பலைப் பார்த்து 'திருச்சிராப்பள்ளி சுருட்டு' என்று துப்பறிகிறார் அந்த மனுஷன். எல்லாமே வெளியூர்க்காரனுக்கு விற்ற சரக்கு. இன்றைக்கு 'டூரிஸ்ட் சாமான்' என்று நாம் இளக்காரம் செய்வதும் அதைத்தான்.

சரி, ஆசைப்படட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் செலவு யாருடையது? தறிக்காரருக்கு மாசச் சம்பளம் கிடையாது, சேலைக்கு இவ்வளவு என்று கூலி. நாம் அரைமணி நேரம் ரீல்ஸ் எடுத்தால் தறி அரைமணி நேரம் நிற்கிறது. அந்த நஷ்டம் அவருடையது. கடைசியில், "நேரா உங்ககிட்டயே வாங்குறேனே, கொறைச்சுக்கக் கூடாதா?" இதோடு, "பசங்க யாரும் இந்தத் தொழிலுக்கு வரலையா?" என்று ஒரு துக்க விசாரிப்பு வேறு.

நான் கோடு எழுதிப் பிழைக்கிறவன். 'பஞ்ச் கார்டுல எழுதுங்க, அதுதான் அசல்' என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. மாறாமல் இருக்கும் கடமை ஏழைத் தொழிலுக்கு மட்டும்தான் போல.

இவர்களும் வராவிட்டால் சேலை விற்காதே என்பார்கள். சேலை வேண்டுமென்றால் சேலை வாங்கலாமே? கைத்தறி முத்திரை 2006இலிருந்து இருக்கிறது. கூட்டுறவு சங்கங்கள் இருக்கின்றன, கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. மடித்து அடுக்கியதைப் பிரித்துப் பார்த்து, விலைச்சீட்டில் போட்டிருப்பதைக் கொடுத்துவிட்டு வரலாம். போட்டோவுக்குத்தான் ஒன்றும் தேறாது.