உரிமம் ஆலைக்கு, பங்கு வயலுக்கு

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சிறிய பீர் ஆலைகளுக்கென்று 2012-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 'பண்ணை பீர் ஆலை' என்று உரிமம் பெறுகிறவர் தாம் உபயோகிக்கும் தானியத்திலும் ஹாப்ஸிலும் குறைந்தது 20 சதவீதமாவது அந்த மாநிலத்து வயல்களில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. 2019 முதல் இது 60 சதவீதம் ஆயிற்று. பின்னர் 90 வரை கொண்டு போவது என்றும் சட்டம் எழுதும்போதே குறித்து வைத்தார்கள். பதிலுக்கு ஆலைக்காரருக்குச் சில சலுகைகள் உண்டு. பண்ணையிலேயே கடை வைத்து விற்கலாம். உழவர் சந்தைகளுக்கும் கொண்டு போகலாம்.

விவசாயப் பகுதியில் பீரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். குடியினால் நம் கிராமங்களில் எத்தனை குடும்பங்கள் சீரழிகின்றன என்பதை அறிந்தேதான் எழுதுகிறோம். பீருக்குப் பரிந்து பேசுவது நம் நோக்கமன்று. ஒரு விளைபொருள் ஆலைக்குள் போன பிறகு அதன் பயனில் எவ்வளவு வயலுக்குத் திரும்புகிறது என்ற கணக்கை இந்தத் தொழிலில் தெளிவாகப் பார்க்க முடிகிறது. அந்தக் கணக்கு மரவள்ளி போடுகிறவருக்கும் வேண்டியதுதான்.

பார்லியை ஊற வைத்து, முளை கட்டி, உலர்த்தினால் கிடைப்பது மால்ட். குழந்தைக்குக் கேழ்வரகை முளை கட்டி மாவாக்குகிறோமே, ஏறக்குறைய அதே வேலை. மால்ட்டை வெந்நீரில் ஊற வைத்து இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறிய பின் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். ஹாப்ஸ் என்பது கொடியில் காய்க்கும் ஒரு பூ. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது அதுதான். வெற்றிலைக் கொடியைப் போல இதையும் ஏற்றிக் கட்ட வேண்டும். ஆனால் கம்பம் 18 அடி உயரம். நட்ட மூன்றாம் வருஷத்தில்தான் முழு மகசூல். நீண்ட பகல் உள்ள குளிர்நாட்டுப் பயிர் ஆகையால், இந்தியாவில் இமாசலப் பிரதேசத்து லாஹுல் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில்தான் பயிரிட்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில் யாராவது நாற்று விற்க வந்தால் ஏமாற வேண்டாம்.

நியூயார்க் மாநிலத்துக்கு ஹாப்ஸ் புதிதல்ல. 1880-இல் அமெரிக்காவின் ஹாப்ஸில் பெரும்பகுதி அங்கேதான் விளைந்தது. பிறகு பூசண நோயும் அசுவினியும் தாக்கின. மேற்குக் கரை மாநிலங்கள் மலிவாக விளைவித்துப் போட்டிக்கு வந்தன. கடைசியில் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு. பயிர் அழிந்தே போயிற்று. அதை மீட்பதும் 2012 சட்டத்தின் எண்ணங்களில் ஒன்று. அதற்கு முன்மாதிரி 1976-இல் அதே மாநிலத்தில் திராட்சை விவசாயிகளுக்காக வந்த பண்ணை ஒயின் சட்டம். பெரிய ஆலைகளை நம்பியிருந்த திராட்சைக்காரர்கள், தாங்களே பிழிந்து நேரே விற்க அந்தச் சட்டம் வழி செய்தது.

இப்போது 'சுற்றுச்சூழலுக்கு இசைந்த ஆலை, சொந்தப் பண்ணை' என்று விளம்பரம் செய்வது பல பீர் ஆலைகளுக்கு வழக்கமாகிவிட்டது. அதில் உண்மையும் உண்டு. கலிபோர்னியாவில் சிக்கோ என்ற ஊரில் 1980-இல் தொடங்கிய சியெரா நெவாடா ஆலை தன்னைச் சுற்றிலும் ஹாப்ஸும் பார்லியும் பயிரிட்டது. கூரையில் சூரிய மின்தகடு பதித்தது. பீர் புளிக்கும்போது எழும் கரியமில வாயுவைப் பிடித்து மறுபடி உபயோகித்தது. கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்தது. எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் அதன் சொந்த வயல் ஆலையின் தேவையில் சிறு பங்கைத்தான் தர முடியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 லிட்டர் பீருக்குச் சுமார் 20 கிலோ மால்ட் வேண்டும்; அதற்கு 25 கிலோ பார்லி. ஏக்கருக்கு 10 குவிண்டால் மகசூல் என்று வைத்தால், ஓர் ஏக்கர் 4,000 லிட்டருக்குத்தான் வரும். ஆண்டுக்கு 2 லட்சம் லிட்டர் காய்ச்சும் ஆலை அந்த நாட்டுக் கணக்கில் மிகச் சிறியது. அதற்கே 50 ஏக்கர் பார்லி வேண்டும். ஒரே நிலத்தில் வருஷா வருஷம் பார்லி போட்டால் நோய் பெருகும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை என்று பயிர் சுழற்சி செய்தால் 150 ஏக்கர். முதலை எல்லாம் கொப்பரையிலும் குழாயிலும் போட்டுவிட்ட ஆலைக்காரர் இத்தனை நிலத்துக்கு எங்கே போவார்? ஆகவே சொந்தப் பண்ணை பெரும்பாலும் வருகிறவர்களுக்குக் காட்டத்தான் உதவுகிறது. பக்கத்து விவசாயியோடு செய்யும் ஒப்பந்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஆரிகன் மாநிலத்தில் சொந்த ஹாப்ஸ் பண்ணையைச் சொல்லிப் பெயர் வாங்கிய ரோக் என்ற ஆலை 1988-இல் தொடங்கி, 2025 நவம்பரில் மூடப்பட்டது. பண்ணைப் பெயர் இருந்தால் ஆலை நிலைக்கும் என்பதற்கில்லை.

ஆலையிலிருந்து வயலுக்குத் திரும்புவதில் முதலாவது சக்கை. சாறு வடித்த பின் மிஞ்சும் தானியச் சக்கை, 100 லிட்டர் பீருக்கு 20 கிலோ அளவில் ஈரமாகக் கிடைக்கும். முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆனால் உலர்நிலைக் கணக்கில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் இருப்பதால் கறவை மாட்டுக்கு நல்ல தீவனம். மேலே சொன்ன சிறிய ஆலையில் ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்குச் சற்று மேல் சேரும். மாட்டுக்குப் பத்துக் கிலோ வீதம் பத்துப் பசுக்களுக்குப் போதும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடித்துக் கெட்டுவிடும் என்பதால் தூரத்துக்கு அனுப்பினால் கட்டுபடியாகாது. பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் எடுத்தால்தான் உண்டு. ஆலையும் தொழுவமும் அருகருகே இருக்க வேண்டிய அவசியம் இப்படி இயற்கையாகவே அமைகிறது. மாட்டின் சாணம் பார்லி வயலுக்குப் போய்ச் சேருகிறது.

அடுத்தது தண்ணீர். ஒரு லிட்டர் பீருக்கு ஆலைக்குள் மட்டும் 4 முதல் 7 லிட்டர் வரை செலவாகும், பெரும்பகுதி கழுவுவதற்கே. கொதித்த சாற்றைக் குளிர்விக்கும் தண்ணீர் சூடேறி வெளிவரும். அதை வீணாக்காமல் அடுத்த கொப்பரைக்குச் சேமித்தால் நீரும் எரிபொருளும் மிச்சம். இதற்குச் சூரிய மின்தகடு அளவுக்கு முதலும் தேவையில்லை. சர்க்கரையும் ஈஸ்டும் கலந்த கழிவுநீரை அப்படியே ஓடையில் விட்டால் மீன் செத்துவிடும். அதை மூடிய தொட்டியில் நொதிக்க விட்டு எரிவாயு எடுப்பதே சரியான முறை. வயலில் பார்லி குடிக்கும் நீரையும் சேர்த்தால் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் ஆகும். நியூயார்க்கில் பெரும்பாலும் மழையே அதைக் கொடுத்துவிடுகிறது. ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியுள்ள ஊரில் அந்தக் கதை செல்லாது.

இத்தனையும் சொன்ன பிறகு விவசாயியின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். மால்ட்டுக்கான பார்லி தீவனப் பார்லி போலன்று. நூற்றுக்கு 95 விதையாவது முளைக்க வேண்டும். புரதம் 12, 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தழைச்சத்தைத் தாராளமாகப் போட்டால் மகசூல் ஏறும், புரதமும் ஏறும், ஆலைக்காரர் வேண்டாம் என்பார். அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் கதிரிலேயே முளைத்துவிடும். கதிரில் பூசணம் வந்தால் நஞ்சு சேரும். தேறாத பார்லி தீவன விலைக்குத்தான் போகும். சட்டம் வந்தபோது அந்த மாநிலத்தில் மால்ட் ஆலை என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை. தட்பவெப்பத்துக்கு ஏற்ற ரகமும் இல்லை. பின்னர்தான் சிறு மால்ட் ஆலைகள் தோன்றின. கார்னெல் பல்கலைக்கழகம் எக்செல்சியர் கோல்டு என்ற ரகத்தை வெளியிட்டது. ஹார்ட்விக் கல்லூரியில் தானியத்தையும் மால்ட்டையும் சோதித்துச் சொல்ல ஆய்வுக்கூடம் அமைந்தது. இந்த ஆய்வுக்கூடம் விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் பொதுவானது. மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது அதுவே என்பது நம் அபிப்பிராயம்.

உள்ளூர் மால்ட் விலை கூடுதல் என்று ஆலைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2024-இல் அமெரிக்காவில் புதிதாகத் திறந்த சிறு பீர் ஆலைகளை விட மூடியவை அதிகம். ஆனாலும் சில ஆண்டுகளுக்குள் 200-க்கு மேற்பட்டோர் பண்ணை ஆலை உரிமம் வாங்கினார்கள். வலியச் சென்று இந்த நிபந்தனைக்குத் தலை கொடுத்தவர்கள் அவர்கள். சலுகையும் நிபந்தனையும் சேர்ந்தே வந்ததால்தான் இது நடந்தது.

நம் ஊருக்கு வருவோம். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் இந்தச் சுற்றின் பாதி ஏற்கெனவே இருக்கிறது. திப்பி மாட்டுக்குப் போகிறது. கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலைகளும் பல. ஆலைக்காரர்களுக்கு 1981 முதல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமும் உண்டு. கிழங்கு விளைவிக்கிறவருக்கு அதில் இடமில்லை. மக்காச்சோள மாவு கலப்பதாகவும், அதனால் கிழங்கு விலை சரிவதாகவும் மரவள்ளி விவசாயிகள் நெடுங்காலமாகப் புகார் சொல்லி வருகிறார்கள். மாவுச்சத்துப் புள்ளியைப் பார்த்துத்தான் கிழங்குக்கு விலை. அந்தப் புள்ளியை அளப்பது யார்? வாங்குகிற ஆலையேதான்.

புதிய ஆலைக்கு மானியமோ மின்சலுகையோ கொடுக்கும்போது, இத்தனை சதவீதம் மூலப்பொருள் இந்தந்த வட்டாரத்து விவசாயிகளிடம் எழுத்து ஒப்பந்தத்தில் வாங்கப்பட வேண்டும் என்று அரசு ஒரு வரி சேர்த்தால் போதும். முதலில் 20 என்று வைத்துக் கொண்டாலும் சரி. சிறுதானிய மாவு, தக்காளிக் கூழ் தயாரிக்க மானியம் வாங்குகிறவர்களுக்கும் அதையே பொருத்தலாம். சேலத்துக்கு மட்டும் இன்னொன்றும் கேட்போம்: புள்ளி அளக்க ஆலைக்கு வெளியே ஒரு பொது நிலையம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலேயே ஒரு தராசும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்தால் அந்த வேலை நடந்துவிடும்.