பன்றிக் கொட்டிலில் ஒரு தலைமைப் பாடம்

கோடை விடுமுறை நெருங்கினால் சில சபைகளின் வாலிபர் கூட்டத்தில் ஓர் அறிவிப்பு வரும். வெளிநாட்டில் குறுகிய கால ஊழியம். இரண்டு வாரமோ மூன்று வாரமோ இருக்கும். விமானக் கட்டணத்துக்கு விசேஷ காணிக்கை எடுக்கப்படும். போனவர்கள் திரும்பி வந்து சாட்சி சொல்வார்கள், படம் காட்டுவார்கள், சபையார் கைதட்டுவார்கள். போன இடத்து மக்களுக்கு அதனால் என்ன ஆயிற்று என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒருவர் உண்டு. 1998-ல் மிட்ச் புயல் மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்டது. வட அமெரிக்கச் சபைகளிலிருந்து தன்னார்வலர்கள் கூட்டம் கூட்டமாக வந்து வீடு கட்டிக் கொடுத்தார்கள். அந்நாட்டிலேயே தங்கிப் பணியாற்றிய சமூகவியல் பேராசிரியர் கர்ட் வெர் பீக் பிற்பாடு கணக்குப் பார்த்தார். பயணச் செலவையும் சேர்த்தால் அவர்கள் கட்டிய ஒரு வீட்டுக்குச் சுமார் 30,000 டாலர் ஆகியிருந்தது. அதே வேலையை உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு சுமார் 2,000 டாலரில் முடித்திருந்தது. வெளிநாட்டார் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும் உள்ளூரார் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. போய் வந்தவர்களின் வாழ்க்கையில் ஏற்பட்டதாகச் சொல்லப்பட்ட மாற்றமும் பெரிதாக நிலைக்கவில்லை.

அப்படியானால் வெளிநாட்டுத் தொண்டே வீண் என்று கதவைச் சாத்திவிடலாமா? அது அவசர முடிவு. தொண்டனை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதுதான் விஷயம். இதை ஐம்பது ஆண்டுகளாகச் செய்து காட்டும் பயிற்சி மையம் ஒன்று ஜப்பானில் இருக்கிறது.

டோக்கியோவுக்கு வடக்கே தொச்சிகி மாகாணத்தில் நிஷிநசுனோ என்ற ஊர். அங்கே 1973-ல் பாதிரியார் தோஷிஹிரோ தகாமி ஏஷியன் ரூரல் இன்ஸ்டிட்யூட்டைத் தொடங்கினார். ஜப்பானியர்களுக்கு அது அஜியா ககுயின். அதன் வேர் இன்னும் பழையது. 1960 முதலே டோக்கியோ வட்டாரத்தின் சுருகாவா கிராமிய இறையியல் பள்ளியில் ஆசிய நாட்டுக் கிராமத் தலைவர்களுக்கான வகுப்பு நடந்துகொண்டிருந்தது. 1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைப் புயல் அழித்தபோது தகாமி நிவாரணப் பணிக்குப் போனார். மூட்டை மூட்டையாகப் பொருள் வந்து இறங்கினாலும், கிராமத்தைத் திரும்ப எழுப்பி நிறுத்த அந்த மண்ணிலேயே முன்நிற்கும் ஆட்கள் வேண்டும் என்பதை அங்கே கண்டார். இன்னொரு காரணமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஆசிய நாடுகளுக்கு ஜப்பான் இழைத்த கொடுமைக்கு ஜப்பானியக் கிறிஸ்தவர்கள் செய்யும் பிராயச்சித்தமாகவும் இந்த மையம் தன்னைக் கருதுகிறது. தகாமிக்கு 1996-ல் மகசேசே விருது கிடைத்தது. 2018-ல் காலமானார்.

ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதப் பயிற்சி. ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகளிலிருந்து கிராமத்தில் வேலை செய்பவர்கள் வருகிறார்கள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் உண்டு. மையம் கிறிஸ்தவ மையம்தான். ஆனால் பௌத்தர், இந்து, முஸ்லிம் என்று யாருக்கும் தடையில்லை. நெல், காய்கறி, முட்டை, பன்றி இறைச்சி என உண்பதில் பெரும்பகுதியை அங்கேயே, ரசாயன உரமில்லாமல், அவர்களே விளைவித்துக்கொள்கிறார்கள். காலையில் வயல், பிறகு வகுப்பு, மாலையில் மறுபடியும் வயல். இயக்குநர் முதல் நேற்று வந்தவர் வரை எல்லோருக்கும் கை வேலை உண்டு.

ஜப்பானிலிருந்தும் அமெரிக்கா, ஜெர்மனி போன்ற நாடுகளிலிருந்தும் தன்னார்வலர்கள் வந்து சேர்கிறார்கள். எதற்கு? கற்பிக்க அல்ல. சமையலறையில் வெங்காயம் உரிக்க, கோழிக்குத் தீனி வைக்க, களை பறிக்க, அலுவலகத்தில் கடிதம் எழுத.

பொகாஷி என்ற எருவை எடுத்துக்கொள்ளலாம். தவிடு, கோழி எரு, மண் ஆகியவற்றை அளவாக ஈரம் தெளித்துக் கலந்து குவிப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் குவியலுக்குள் கையை விட்டால் சுடும். சூடு மிஞ்சினால் சத்து போய்விடும் என்பதால் நாள்தோறும் மண்வெட்டியால் புரட்டிப் போட வேண்டும்; ஆவியும் நாற்றமும் முகத்தில் அடிக்கும். இந்த வேலையைச் செய்யும் குழுவுக்குத் தலைமை ஏற்பது பயிற்சிக்கு வந்தவர்கள், முறை வைத்து. கென்யாவிலிருந்தோ நாகாலாந்திலிருந்தோ வந்த ஒரு பெண் இன்றைக்கு யார் எங்கே போக வேண்டும் என்று சொல்ல, பட்டம் வாங்கிய ஜெர்மன் இளைஞன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். அவளுக்கு அது ஆட்களை நடத்தும் பயிற்சி, அவனுக்குக் கீழ்ப்படியும் பயிற்சி. ஹோண்டுராஸில் ஒரு செங்கலை வைக்கும்போதும் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்பது தெரிந்தே இருந்தது. இங்கே அது குழம்பிவிடுகிறது, நல்லபடியாக.

1910-ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் வேதநாயகம் சாமுவேல் அசரியா பேசியதும் இதைத்தான். வெள்ளாளன்விளையில் பிறந்து, பிற்பாடு தோர்ணக்கல் பேராயரான அசரியா, மேல்நாட்டு மிஷனரிகளின் தியாகத்தையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேராகக் கேட்டார். சபை அதிர்ந்துபோனது. தியாகம் செய்பவர் மேலே இருந்துகொண்டே செய்துவிட முடியும், நட்பு அப்படி முடியாதே.

நம்மூர்ச் சபைகளுக்கும் இது பொருந்தும். தென்மாவட்டங்களில் குருவானவரை ஐயர் என்றுதான் அழைக்கிறோம். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட ஒருவர், நாற்காலியைத் துடைத்துப் போட ஒருவர். தலைமை என்றாலே மேடை, மைக், மாலை. அந்த ஐயர் ஒன்பது மாதம் பன்றிக் கொட்டிலில் சாணம் அள்ளினால் என்ன ஆவார்? எந்தச் சாதி எதை அள்ளும் என்று பிறப்பிலேயே எழுதிவைத்திருக்கும் நாட்டில் இது சின்னக் கேள்வியில்லை. தலைமைத்துவக் கருத்தரங்குகளை ஏசி ஹாலில் நடத்துகிறவர்கள் யோசிக்கட்டும்.

குறை சொல்லவும் இடமுண்டு. அத்தனை பேரையும் விமானத்தில் ஜப்பானுக்கு வரவழைத்துத்தான் எரு போடக் கற்றுத்தர வேண்டுமா, அவரவர் நாட்டிலேயே செய்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். செலவைப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் எருவை ஊரிலேயே கற்கலாம். தன் குலம், கோத்திரம், பதவி எதுவும் எடுபடாத இடத்தில் ஒன்பது மாதம் வாழ்வதை ஊரில் கற்க முடியாது. போதாததற்கு, இந்த மையம் துன்பத்தையும் சேர்ந்து பார்த்திருக்கிறது. 2011 மார்ச் நிலநடுக்கத்தில் கட்டடங்கள் சேதமடைந்தன. நூறு கிலோமீட்டருக்குச் சற்றே அப்பாலிருந்த ஃபுகுஷிமா அணு உலையின் கதிரியக்கம் இயற்கை வேளாண்மைக்கென்று பாடுபட்டுப் பண்படுத்திய மண்ணில் விழுந்தது. அந்த ஆண்டுப் பயிற்சியின் தொடக்க மாதங்களைச் சுருகாவாவில் நடத்தினார்கள். பிறகு திரும்பி வந்து, மண்ணையும் விளைச்சலையும் அளக்கும் கருவி வைத்து, அக்கம்பக்கத்து விவசாயிகளின் விளைபொருளையும் அளந்து சொன்னார்கள். அந்த அளவெடுப்பு வேலையில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் உட்கார்ந்தார்கள். புகைப்படத்துக்கு உதவாத, பொறுமை கேட்கும் வேலை.

வெளிநாட்டுக்கு வாலிபரை அனுப்பும் சபைக் கமிட்டி, காணிக்கைப் பையை நீட்டுவதற்கு முன்னால் சிலவற்றை விசாரித்துக்கொள்வது நல்லது. அங்கே இவர் யாருக்குக் கீழே வேலை செய்வார்? இவர் போகாவிட்டால் அந்த வேலை நின்றுவிடுமா, அல்லது இவருக்காகவே உண்டாக்கப்பட்ட வேலையா? எந்த விசா? சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளமில்லாமல்தானே வேலை செய்கிறோம் என்று நினைப்பவர்கள் உண்டு. பல நாடுகளில் அதுவும் சட்டமீறல்தான்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம்மூரில் மகளிர் குழுவையோ விவசாயிகள் சங்கத்தையோ கட்டி நடத்தும் ஓர் இளம்பெண் நிஷிநசுனோவுக்குத் தன்னார்வலராகப் போக வழி தேடிக்கொண்டிருக்கலாம். உண்மையில் அவருக்குரிய இடம் பயிற்சி பெறுவோர் வரிசையில் இருக்கிறது. அதற்கு அவர் வேலை செய்யும் அமைப்பு பரிந்துரைத்து அனுப்ப வேண்டும், முடித்ததும் அதே மக்களிடம் திரும்ப வேண்டும், உதவித்தொகையும் உண்டு. அவருக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுத அந்த அமைப்பின் தலைவருக்கு மனசு வருமா, அல்லது தன் மகனை அனுப்புவாரா?