இல்லமும் இயந்திரமும்: மடல்கள் ஓரிடத்தில் இருக்கட்டும்

வீட்டிற்கு வரும் கடிதங்களைக் கம்பியில் குத்தி வைப்பது நம் இல்லங்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். சுவரில் தொங்கிய அக்கம்பியே குடும்பத்தின் ஆவணக் காப்பகம். வெளியூரில் பயிலும் மகனின் மடலும், வரி கட்டிய இரசீதும், உறவினரின் திருமண அழைப்பும் வந்த வரிசையிலேயே அதில் ஏறும். வீட்டில் யாரும் எடுத்துப் படிக்கலாம். படித்தவர் மீண்டும் அதே கம்பியில் குத்திவிட வேண்டும் என்பது எழுதாச் சட்டம். எந்தக் கடிதம் எங்கே என்று எவரும் அலைந்ததில்லை.

இன்று கடிதங்கள் மின்னஞ்சலாக வருகின்றன. மேசைக் கணிப்பொறி ஒன்று, மடிக்கணிப்பொறி ஒன்று, கைப்பேசிகள் இரண்டு மூன்று என்று ஒரே வீட்டில் பல கருவிகள் உள்ளன. வசதி பெருகியது, ஆனால் கம்பி காணாமற் போயிற்று. பரிசோதனை முடிவு கூடத்திலுள்ள கணிப்பொறியில் இருக்கிறது. மருத்துவரிடம் எடுத்துச் சென்ற மடிக்கணிப்பொறியில் இல்லை. கணவர் முன்னமே விடை எழுதிவிட்ட மடலுக்கு மனைவி மறுபடியும் விடை எழுதுகிறார். பழைய கணிப்பொறி பழுதுற்றதும், மகள் பத்தாண்டுகளாக எழுதிய மடல்கள் அதனோடு போய்விடுகின்றன. முன்னவை இரண்டும் தொல்லை, பின்னது இழப்பு. இத்திங்கள் இதுபற்றியே நாம் எண்ணிப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். இது பெரும்பாலும் இயந்திரக் கோளாறன்று. மடலைப் பெறுவதற்கு இரு வேறு முறைகள் இருக்கின்றன. நம் கருவிகள் எம்முறையைப் பின்பற்றுகின்றன என்பதை அறியாதிருப்பதே குழப்பத்தின் வேர்.

வலையமைப்பின் வழியே ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு மடல் அனுப்பும் முறையை அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் 1971 ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அக்காலத்தில் பயனாளர் பலர் ஒரே பெருங்கணிப்பொறியோடு இணைந்த முனையங்களில் அமர்ந்து பணியாற்றினர். மடலும் அங்கேயே இருந்தது. படிப்பதும் அங்கேயே நிகழ்ந்தது. ஆகவே ஒத்திசைவு என்ற சிக்கலே எழவில்லை. 1980-களில் தனியாள் கணிப்பொறிகள் பரவிய பின்னரே நிலைமை மாறியது. இவை எந்நேரமும் வலையமைப்பில் இணைந்திருப்பவை அல்ல. எனவே மடல்கள் எப்போதும் விழித்திருக்கும் ஒரு நடுவண் கணிப்பொறிக்கு வந்து சேர்ந்தன. அதனை வழங்கி என்பர். அங்கிருந்து வீட்டுக் கணிப்பொறிக்கு அவற்றைக் கொணர ஒரு வழி தேவைப்பட்டது.

1984 இல் வகுக்கப்பட்ட பாப் முறை அத்தேவையை நிறைவு செய்தது. அதன் முழுப்பெயருக்கு அஞ்சலக நெறிமுறை என்றே பொருள். இன்று வழங்குவது 1988 இல் வெளிவந்த அதன் மூன்றாம் வடிவம். பெயருக்கேற்பவே அதன் செயலும் அமைந்தது. அஞ்சலகத்திற்குச் சென்று, நமக்குரிய கடிதங்களைக் கையோடு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம் அல்லவா? அதன்பின் அஞ்சலகத்தில் நம் கடிதம் ஏதும் இராது. பாப் முறையும் அவ்வாறே மடல்களை வீட்டுக் கணிப்பொறிக்கு எடுத்துக்கொண்டு, வழங்கியில் இருப்பதை அழித்துவிடும். தொலைபேசிக் கம்பி வழியே சில நிமிடங்கள் மட்டும் இணைந்த காலத்தில் அது சிக்கனமான ஏற்பாடு, குறை கூறுவதற்கில்லை. ஆனால் அது ஒருவருக்கு ஒரு கணிப்பொறி என்ற எண்ணத்தில் எழுந்தது. வீட்டில் மூன்று கருவிகள் இருந்தால், முந்திச் சென்றது மடலை எடுத்துக்கொள்ளும். பிந்தியவை வெறுங்கையோடு திரும்பும்.

இதற்கு ஓர் அரைகுறைத் தீர்வு உண்டு. மடலின் படியை வழங்கியிலும் விட்டு வைக்குமாறு மென்பொருளுக்கு ஆணையிடலாம். அப்பொழுது எல்லாக் கருவிகளுக்கும் மடல் கிட்டும். எனினும் இன்ன மடல் படிக்கப்பட்டது, இன்னதற்கு விடை போயிற்று என்ற செய்தி ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லாது. நாம் எழுதியனுப்பிய மடல்கள் எழுதிய கருவியிலேயே தங்கிவிடும். இத்தனை நாளுக்குப் பின் வழங்கியிலிருந்து நீக்குக என்றதொரு குறிப்பும் அந்த ஆணையோடு இணைந்திருக்கக்கூடும். அதனைக் கவனியாதவர், மடல் அங்கே என்றும் இருக்கும் என நம்பி ஏமாறுவர்.

இரண்டாவது முறையே இல்லத்திற்கு ஏற்றது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மார்க் கிறிஸ்பின் 1986 இல் அதனை வடிவமைத்தார். ஐமேப் என்பது அதன் பெயர். 1994 இல் அதன் நான்காம் வடிவம் வெளிவந்தது. 2003 இலும் 2021 இலும் அது திருத்தம் பெற்றது. மடல் இருக்க வேண்டிய இடம் வழங்கியே. வீட்டுக் கருவிகள் அதனைக் காட்டும் சாளரங்கள் மட்டுமே என்பது இம்முறையின் அடிப்படை. நம் பழைய கம்பியை இங்கு நினைவு கூரலாம். கடிதம் கம்பியிலேயே இருக்கிறது, பார்ப்பவர்தாம் மாறுகின்றனர்.

இது நிகழும் விதம் எளிது. வழங்கி ஒவ்வொரு மடலுக்கும் ஓர் எண் தருகிறது. அதனோடு சில குறிகளையும் சேர்த்து வைக்கிறது: படிக்கப்பட்டது, விடை எழுதப்பட்டது, தனிக் கவனத்திற்குரியது, அழிக்கத்தக்கது, இன்னும் முடியாத வரைவு. ஒரு கருவி இணைந்தவுடன், நாம் இறுதியாகப் பார்த்தபின் வந்த எண்கள் யாவை, மாறிய குறிகள் யாவை என்று அறிந்து தன்னைத் திருத்திக்கொள்கிறது. கைப்பேசியில் படித்த மடல் மேசைக் கணிப்பொறியிலும் படித்ததாகவே தோன்றுவது இதனால்தான். அனுப்பிய மடல்களும் வழங்கியிலுள்ள அதற்குரிய அடைவில் சேர்ந்து எங்கும் காணக் கிடைக்கும். முகவரிப் பட்டியல் மட்டும் இம்முறையில் வாராது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

கைப்பேசிகள் பலவற்றில் இன்று ஒத்திசைவு தானாகவே அமைந்துவிடுகிறது. ஆகவே ஐயத்திற்குரியது பழைய கணிப்பொறியே. அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற மென்பொருளில் கணக்கின் அமைப்புப் பகுதியைத் திறந்து, மடல் பெறும் வாயிலின் எண்ணைக் காண்க. 995 அல்லது 110 என்றிருப்பின் அது பாப். 993 அல்லது 143 என்றிருப்பின் ஐமேப். ஒவ்வோர் இணையிலும் முன்னையது மறையாக்கப் பாதுகாப்புடன் கூடியது, அதனையே கொள்க.

பாப் முறையிலிருந்து மாற விரும்புவோர் அவசரப்படலாகாது. பழைய கணக்கை முதலில் நீக்கிவிட்டால், மடல்களும் உடன் மறையக்கூடும். ஆதலின் பின்வரும் ஒழுங்கைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, கணிப்பொறியிலுள்ள பழைய மடற்கோப்புகள் அனைத்தையும் வெளிவன்தட்டு ஒன்றில் படியெடுத்து வையுங்கள். இரண்டாவது, பழைய கணக்கு இருக்கும்போதே, அதே முகவரியை ஐமேப் கணக்காக அதன் அருகில் சேருங்கள். மூன்றாவது, வழங்கியில் இடம் போதுமா எனப் பாருங்கள். ஜிமெயில் கட்டணமின்றித் தரும் 15 கிகாபைட்டு இடத்தில் மடல்கள் மட்டுமன்றி நிழற்படங்களும் பிற கோப்புகளும் பங்கு கொள்கின்றன. இடம் நிறைந்துவிட்டால் புதிய மடல் வந்து சேராது. நான்காவது, பழைய மடல்களைச் சிறுசிறு பகுதியாகப் புதிய கணக்கின் அடைவுகளில் படியெடுத்து இடுங்கள். அவை வழங்கிக்கு ஏறிச் செல்ல நேரம் பிடிக்கும், பொறுத்திருங்கள். ஐந்தாவது, மற்றொரு கருவியில் திறந்து பார்த்து, யாவும் வந்து சேர்ந்தன என உறுதி செய்த பின்னரே பழைய கணக்கை நீக்குங்கள்.

இங்கு ஓர் எச்சரிக்கை. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் மாற வேண்டும். ஒரே ஒரு கணிப்பொறி பாப் முறையில் எஞ்சியிருந்து, வழங்கியில் படியை விடாது எடுக்குமாயின், பெறுமடல்களை அதுவே எடுத்துச் சென்று மற்றவற்றை வெறுமையாக்கிவிடும். மாடியறையில் எப்பொழுதோ ஒருமுறை இயக்கப்படும் பழைய கணிப்பொறி இவ்வாறு இழைக்கும் தீங்கைக் கண்டுபிடிப்பது எளிதன்று.

இனி, இக்கட்டுரையில் நாம் தலையாயதாகக் கருதும் செய்திக்கு வருவோம். ஒத்திசைவு வேறு, பாதுகாப்பு வேறு. எல்லாக் கருவிகளிலும் மடல் தெரிவதால் நம்மிடம் நான்கு படிகள் உள்ளன என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் உள்ளது ஒன்றே. கைப்பேசியில் விளையாடும் குழந்தையின் விரல் பட்டு ஒரு மடல் அழிந்தால், அது எல்லாக் கருவிகளிலும் அழிந்ததாகும். ஜிமெயிலில் அழித்த மடல் குப்பைப் பகுதியில் 30 நாள் இருக்கும். அதன்பின் மீட்சி அரிது. இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளையும் அவற்றிலுள்ளவற்றையும் நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியுள்ளது.

எனவே ஓரிடத்தில் வைப்பவர், அதற்குப் புறம்பாக ஒரு படியையும் வைக்கக் கடமைப்பட்டவர். ஆண்டில் இருமுறை, நாள் குறித்துக்கொண்டு இதனைச் செய்யலாம். தண்டர்பேர்டு பயன்படுத்துவோர் முக்கிய மடல்களைக் கணிப்பொறிக்குள்ளேயே தங்கும் அடைவிற்குப் படியெடுக்கலாம். ஜிமெயில் பயனாளர், கூகுள் டேக்அவுட் என்னும் வசதியினால் தம் மடல்கள் முழுவதையும் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அதனை வெளிவன்தட்டில் சேமித்து, இணைப்பை அகற்றி, பேழையில் வைத்துவிடுங்கள்.

குடும்பத்தார் கூடிப் பேச வேண்டியதும் ஒன்றுண்டு. ஒரே முகவரியை வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்வது நன்றன்று. மனைவிக்கு அவர்தம் உடன்பிறந்தார் எழுதுவதும், வளர்ந்த மகனுக்கு நண்பன் எழுதுவதும் அவரவர்க்கு உரியவை. மின்கட்டணம், காப்பீடு, பள்ளி அறிவிப்பு ஆகிய பொதுச் செய்திகளுக்குக் குடும்பத்தின் பெயரால் தனி முகவரி ஒன்றை அமைத்து, அதனை எல்லாக் கருவிகளிலும் சேருங்கள். தனி மடல்கள் தனித்தே இருக்கட்டும்.

வீட்டின் கணக்குகளைப் பார்த்து வந்தவர் திடீரென மறைந்தால், அவர் பெயரிலுள்ள மடல்களின் கதவும் அடைபடுகிறது. துயரத்தில் மூழ்கிய குடும்பம் காப்பீட்டு மடலைத் தேடி அலைவது எத்துணைக் கொடுமை! கூகுள் 2013 ஆம் ஆண்டு முதல் ஒரு வசதி அளித்து வருகிறது. நாம் குறிக்கும் காலம்வரை கணக்கு இயங்காதிருப்பின், நாம் முன்னமே பெயர் குறித்த நம்பிக்கைக்குரியவருக்கு நம் மடல்கள் கிடைக்கும். கணக்கின் அமைப்புப் பகுதியில் இதனை நிரப்பச் சில நிமிடங்களே ஆகும்.

அன்பு வாசகர்களே, இம்மாத ஞாயிறு ஒன்றில் வீட்டிலுள்ள கருவிகளை ஒரே மேசையில் வைத்து, ஒவ்வொன்றின் வாயில் எண்ணையும் பாருங்கள். மின்வினைஞரின் அறிவு இதற்கு வேண்டா; சற்றே பொறுமை போதும். இளையோர் செய்ய, முதியோர் அருகிருந்து கற்றுக்கொள்ளட்டும். நம்மவர் நமக்கு எழுதிய சொற்கள், ஓர் இயந்திரத்தின் ஆயுளோடு முடிந்துவிடத் தக்கவை அல்ல.