பனியில் நின்ற மோட்டார்

மோட்டார் வண்டிக்கு உஷ்ணம்தானே சத்துரு, குளிர் என்ன செய்துவிடும் என்று வாசகர்கள் கேட்கலாம். ஸைபீரியாவிலுள்ள யாகுட்ஸ்க் நகரத்தாரிடம் கேட்டுப் பாருங்கள்!

அங்கே ஜனவரி மாதத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி என்பது சர்வ சாதாரணம். அந்தக் குளிரில் எஞ்சின் எண்ணெய் மெழுகு போல் இறுகிவிடும். பாட்டரிக்குள் நடக்கும் ரசாயன வேலையும் மந்தப்படும். எஞ்சினைச் சுழற்ற அதிக பலம் வேண்டிய சமயம் பார்த்து அது கையை விரிக்கும். ஆகவே, சூடேற்றிய கொட்டகை இல்லாதவர்கள் வண்டிக்குக் கனத்த போர்வை போர்த்தி, அடிக்கடி எஞ்சினை ஓட விடுகிறார்கள். சிலர் மணிக்கணக்காக அணைப்பதே இல்லை. பெட்ரோல் செலவைப் பற்றிக் கேட்காதீர்கள். ஜன்னல் கண்ணாடியின் மேல் இன்னொரு கண்ணாடியும் ஒட்டுவார்கள். இல்லாவிட்டால் உள்ளிருப்பவரின் மூச்சே அதில் பனியாகப் படிந்து வழியை மறைத்துவிடும்.

ஊருக்குள் இவையெல்லாம் வெறும் தொல்லை. ஊரைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. 2020-ஆம் வருஷக் குளிர்காலத்தில், யாகுட்ஸ்கிலிருந்து மகதான் நகரை நோக்கிப் புறப்பட்ட 18 வயது வாலிபர் இருவர், கைவிடப்பட்ட பழைய பாதையொன்றில் வண்டியைச் செலுத்திவிட்டனர். ரேடியேட்டர் பழுதாகி வண்டி நின்றது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 50 டிகிரி. தேடிச் சென்றவர்கள் கண்டபோது ஒருவர் உறைந்து இறந்திருந்தார். மற்றவர் குற்றுயிராகக் கிடந்தார்.

அப்பிரதேசத்தின் பெரிய சாலையில், வழியில் நிற்கும் வண்டியைக் கண்டால் பின்னால் வருபவர் நிறுத்தி விசாரிப்பது வழக்கம். பழைய பாதையிலோ பின்னால் வர ஒருவருமில்லை.