மெய்ப்பாடும் கணினி விளையாட்டும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர் நம் முன்னோர். தெரியும்தான், ஆயின் அதனைப் படிக்கும் கண் எல்லார்க்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. ஆட்டிசம் உடைய குழந்தைகளுள் பலர்க்குத் தாயின் முகத்திலுள்ளது சினமா, களைப்பா என்று பிரித்தறிதல் அரிதாகின்றது. இந்நிலையை 'மதியிறுக்கம்' எனத் தமிழில் வழங்குகின்றனர். அக்குழந்தைகளின் மதி எங்கும் இறுகிவிடவில்லையாதலின் அச்சொல் எமக்கு உவப்பாயில்லை.

முகம் படிக்கும் பயிற்சியைக் கணினிவழித் தர மேலைநாட்டார் இருபதாண்டுகளுக்கு மேலாக முயன்று வருகின்றனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துச் சைமன் பேரன்-கோகன் குழுவினர் 412 உணர்ச்சிகளை 24 தொகுதிகளாக வகுத்து, முகமும் குரலும் காட்டும் கணினிப் பயிற்சியொன்றை ஆக்கினர். அதில் பயின்றோர், தாம் கண்ட முகங்களை நன்கு அறிந்தனர். காணாத புதிய முகங்களில் அத்துணைத் தேர்ச்சி பெற்றிலர். பின்னர் அக்குழுவினரே சிறுவர்க்கெனத் 'டிரான்ஸ்போர்ட்டர்ஸ்' என்னும் படத்தொடரைச் செய்தனர். சக்கரம் சுழலும் பொருள்கள்மீது இக்குழந்தைகளுட் பலர்க்குள்ள ஈர்ப்பை அறிந்து, தொடர்வண்டி, டிராம் முதலியவற்றின் முகப்பில் மெய்யான மனித முகங்களைப் பொருத்தினர். 15 கதைகள், 15 உணர்ச்சிகள், உடன் வினாவிடை விளையாட்டுகள். நான்கு வாரம் அதனைக் கண்ட 4 முதல் 7 வயதுக் குழந்தைகள் நன்கு முன்னேறினர் என 2010இல் எழுதினர். வேறு நாட்டுச் சோதனையில் பயன் குறைவாகவே தோன்றிற்று என்பதையும் மறைத்தல் கூடாது.

தொல்காப்பியம் கற்பிக்கும் எமக்கு இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறியதோடு அமையாது, ஒவ்வொன்றும் எதன்பொருட்டுத் தோன்றும் என நந்நான்கு நிலைக்களன்களையும் கூறுகின்றது. அச்சம் என்றால் தெய்வத்தாலோ, விலங்காலோ, கள்வராலோ, தலைவனாலோ பிறப்பது. 'இம்முகம் யாது?' என்று மட்டும் வினவும் விளையாட்டு பாதியைத்தான் கற்பிக்கின்றது, 'இம்முகம் ஏன்?' என்பதே மீதி. குழந்தைக்கு ஒவ்வாதனவற்றைத் தள்ளினாலும், முப்பத்திரண்டு நிலைக்களன்களிலிருந்து நல்ல விளையாட்டொன்றிற்கு வேண்டிய காட்சிகள் கிடைக்கும்.

அது நம் முகங்களோடு அமைதல் வேண்டும். லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடா நாட்டில் உழைக்கும் அத்தாவைக் கைப்பேசித் திரையிலேயே காணும் பிள்ளைகள் பலர். அவர்களுள் ஆட்டிசம் உடைய பிள்ளைக்கு, அத்திரையில் தெரியும் முகம் மகிழ்கின்றதா, ஏங்குகின்றதா என்பது எத்துணைப் பெரிய வினா! ஆங்கிலம் பேசும் அயல்முகம் இதற்கு எவ்வளவு துணை செய்யும்? முக்காடிட்ட பாட்டியார், முண்டாசு கட்டிய உழவர், தாடி வைத்த பெரியவர் ஆகியோர் நம் தமிழில் பேசட்டும். டிராமுக்கு மாற்றாக அரியலூர் நிலையத்து இரயிலும், சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரியும் வரட்டும். பேச இயலாதார் படத்தைத் தொட்டுப் பேச உதவும் 'ஆவாஸ்' சென்னையில் உருவாகித் தமிழிலும் வழங்குகின்றது. ஆதலின் இது ஆகாத காரியமன்று. தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒரு பருவம் கூடி அமர்ந்தால் முதற்படி முடியும். வட்டார வள மையச் சிறப்பாசிரியரிடமும் பெற்றோரிடமும் காட்டித் திருத்திய பின்னரே குழந்தையிடம் தருதல் வேண்டும்.

தாய் அடுக்களைக்குச் செல்லும் நேரத்தில் குழந்தையை அமர்த்திவைக்கும் கருவியாக இது ஆகிவிடலாகாது. அருகில் அண்ணனோ அக்காளோ இருந்து, திரையில் கண்ட நகையைத் தம் முகத்திலும் காட்டினால்தான் கற்றது வீட்டிற்குள் வரும்.

பெரியோரிடம் ஒரு விண்ணப்பம். தாமே ஆட்டிசம் உடையவரான டேமியன் மில்டன் என்னும் ஆய்வாளர், புரியாமை இருபுறத்தும் உள்ளது என 2012இல் எழுதினார். திருமண வீட்டில் கைகளை உதறிக் குதிக்கும் பிள்ளையை 'அடங்காதது' என்கிறோம். அது பெரும்பாலும் உவகையாக இருக்கக்கூடும். அப்பிள்ளையின் மெய்ப்பாடுகளை உடனிருக்கும் தாயாரிடம் கேட்டுக் குறித்துவைத்தால், நாம் ஆக்கும் விளையாட்டில் பெரியவர்கள் ஆடுவதற்கும் ஒரு பகுதி சேர்க்கலாம்.