புதிதாக வருபவரைக் கவனிப்போம்

அமெரிக்காவில் அட்டை விளையாட்டுக்கென்றே சிறு கடைகள் உண்டு. 1993இல் ரிச்சர்டு கார்ஃபீல்டு என்ற கணித அறிஞர் உருவாக்கிய ‘மேஜிக்: த கேதரிங்’ அவற்றில் முக்கியச் சரக்கு. பணம் வைத்து ஆடும் சீட்டாட்டமல்ல இது. அட்டைகளை வாங்கியும் மாற்றியும் சேர்த்து, தாமே கட்டு அமைத்து ஆடுவது. அதே பாக்கெட் பல நேரங்களில் இணையத்தில் மலிவாகவே கிடைக்கிறது. ஆயினும் வாடிக்கையாளர் கடைக்கு வருகிறார்களே, ஏன்?

2000ஆம் ஆண்டு முதல் ‘ஃப்ரைடே நைட் மேஜிக்’ என்ற பெயரில் வெள்ளிக்கிழமைகளில் கடைக்குள்ளேயே ஆட்டம் நடக்கிறது. கடைக்காரர் மேசை போட்டு, யாருக்கு யார் எதிராளி என்று சேர்த்துவிடுகிறார். சில நாட்களில் ஆளுக்கு 3 பாக்கெட் பிரித்து, ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தவரிடம் தள்ளி, இப்படியே சேர்த்ததில் 40 அட்டைக் கட்டு அமைத்து ஆடுவர்.

முதல் நாள் வருபவருக்கு விதியும் சரியாகத் தெரியாது, முகங்களும் தெரியாது. கடைக்காரர் அவர் பெயரைக் கேட்டு, பொறுமையுள்ள ஒருவருக்கு எதிரே உட்கார வைத்தால் அடுத்த வாரமும் வருவார். பழையவர்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தால், அந்த வாடிக்கை அன்றோடு போயிற்று.

மளிகைக் கடைக்கும் இதே கணக்குதான். பெரிய நிறுவனங்களோடு எல்லாச் சரக்கிலும் விலைப்போட்டி போட நம்மால் இயலாது. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர் 100 கிராம் கடுகு கேட்டு நிற்கும்போது, இரண்டு வார்த்தை அன்பாக விசாரிக்க நம்மால் இயலும். சிறு வணிகரின் முதலில் இதுவும் சேர்ந்தது என்பதே நம் கருத்து.